ஆர்சி-3ல் புது ஃபீச்சர்: ஃப்ரீஸ் விலக்கு எதற்குத் தரலாம், எதற்குக் கூடாது?

#1 வைகை_பில்ட்

ஃப்ரீஸ் (வெளியீட்டுக்கு முன் புது வசதிகளை நிறுத்திவைக்கும் காலம்) தொடங்கிய பிறகு ஒரு ஃபீச்சருக்கு விலக்குத் தரலாமா என்பதை லினக்ஸ் கர்னல் 6.16ல் நடந்ததை வைத்தே கேட்கிறேன், ஏனென்றால் அதில் இரு பக்கமும் நியாயம் தெரிகிறது.

6.15 வந்தது 2025 மே 25. இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது புது வசதிகளை ஏற்கும் காலம். ஜூன் 8ல் 6.16 ஆர்சி-1 (ரிலீஸ் கேண்டிடேட், வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு). அதற்கு மேல் திருத்தங்கள் மட்டும்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆர்சி-3 சமயத்தில் பிகேஷ்எஃப்எஸ் கோப்பு முறைமைக்காக அதன் பராமரிப்பாளர் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் அனுப்பிய தொகுப்பில், திருத்தங்களோடு சேர்ந்து 'ஜர்னல் ரீவைண்ட்' என்ற வசதியும் இருந்தது. கோப்பு முறைமை சிதைந்துபோனால் ஜர்னலை (மாற்றங்களின் பதிவேடு) பின்னோக்கிப் படித்து, பழைய நிலைக்குத் திருப்பும் வேலை. மவுண்ட் செய்யும்போது கேட்டால் மட்டும் ஓடும், தானாக ஓடாது. கர்னலில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் லினஸ் டோர்வால்ட்ஸ் தயங்கினார், பிறகு சேர்த்துக்கொண்டார். ஆனால் 6.17 விண்டோவோடு இருவரும் பிரிய வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார். சொன்னபடி 6.17ல் பிகேஷ்எஃப்எஸ் 'வெளியில் பராமரிக்கப்படுவது' என்று குறிக்கப்பட்டது, 6.18ல் அதன் கோடே கர்னல் மரத்திலிருந்து (மூல நிரல் தொகுப்பு) போய்விட்டது.

என் கேள்வி இதுதான். தரவை மீட்கும் வசதி, கேட்டால் மட்டும் இயங்குவது, அதுவும் 'சோதனை நிலை' என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பகுதிக்குள். இதற்கே விலக்குத் தர இவ்வளவு தயக்கம் என்றால் எதற்குத்தான் தருவது? அளவுகோல் என்ன?

#2 கர்னல்_தெரு

முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம். 6.16 வெளியானது ஜூலை 27. அன்றே 6.17 விண்டோ திறந்தது. ஆர்சி-3 ஜூன் 22. ஆக அந்த வசதி தன் முறைக்குக் காத்திருந்தால் கோட் மரத்துக்குள் நுழைய 5 வாரம். முழு ரிலீஸாக மக்கள் கைக்கு வர 6.17 வெளியான செப்டம்பர் 28 வரை, அதாவது 6.16ஐ விட 63 நாள் தாமதம். விலக்கு கேட்பவர் வாங்க நினைப்பது இந்த 63 நாளைத்தான். அதற்கு மற்றவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான் எதிர்த் தட்டில் வைக்க வேண்டும்.

கர்னலில் ஆர்சி வாரா வாரம் ஞாயிறு வரும். வழக்கமாக ஏழு ஆர்சி, சில சமயம் எட்டு. ஆர்சி-1ல் நுழைந்த கோடுக்கு ஏழு வாரம் ஓடும் நேரம் கிடைக்கிறது. அதற்கு முன்பே லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற முன்சோதனை மரத்தில் மற்ற துணை அமைப்புகளின் பேட்ச்களோடு சேர்ந்து பில்ட் ஆகியிருக்கும். ஆர்சி-3க்குப் பிறகு வருவதற்கு நான்கு வாரம்தான், லினக்ஸ்-நெக்ஸ்ட் அனுபவமும் இருக்காது. ஆர்சி-6ல் வந்தால் ஒன்றோ இரண்டோ வாரம். ஒரே கோட், ஒரே வரிகள். ஆனால் அதை ஓட்டிப் பார்த்த மணி நேரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

#3 நீலகிரி64

கணக்கு சரி, அண்ணா. ஆனால் வட்டில் தரவு போனவருக்கு 63 நாள் என்பது என்ன? அவர் வட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? கோப்பு முறைமையில் மீட்புக் கருவி என்பதை ஃபீச்சர் என்றே எண்ணக் கூடாது. தீ பிடித்த வீட்டுக்கு ஏணி கொண்டு வருகிறவரிடம் டோக்கன் கேட்பதா?

#4 கர்னல்_தெரு

அவருக்கு 63 நாள் தேவையே இல்லை, நீலகிரி. தரவு போனவர் யாரென்று பராமரிப்பாளருக்குத் தெரியும். அவரிடம் பேட்ச் போட்ட கர்னலையோ தனி மரத்தையோ அன்றே கொடுக்கலாம். பிகேஷ்எஃப்எஸ் விஷயத்தில் இன்னும் எளிது, அதன் பயனர்வெளிக் கருவித் தொகுப்பு கர்னலில் உள்ள அதே கோடைத்தான் தனக்குள் வைத்திருக்கிறது. பழுது பார்க்கும் வேலையை கர்னலுக்கு வெளியிலேயே ஓட்டலாம். ஏணி அந்த வீட்டுக்குப் போகட்டும். ஊரில் உள்ள எல்லா வீட்டு வாசலிலும் அதே நாளில் ஏணியைச் சாத்த வேண்டியதில்லை.

விலக்குக் கோரிக்கை எது வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இந்த ரிலீஸ் தவிர வேறு எந்த வழியாகவாவது தேவைப்படுபவர் கைக்கு இதைக் கொண்டுபோக முடியுமா? தனி பேட்ச், தனி மாட்யூல், தனி ரெப்போ, பாயின்ட் ரிலீஸ், எதுவானாலும் சரி. முடியும் என்றால் விலக்குக்கான காரணம் அங்கேயே முக்கால்வாசி கரைந்துவிடும்.

#5 சோதனைச்சாவடி

நான் சோதனை செய்யும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஃப்ரீஸ் என்றதும் டெவலப்பர்கள் கோடைப் பூட்டிவிட்டதாக நினைக்கிறார்கள். சோதனைக்காரர்களுக்கு அது வேறு. சோதித்து முடித்ததற்கு மதிப்பு இருக்கும் என்ற உத்தரவாதம் அது. ரிக்ரஷன் சுற்று (பழைய வசதிகள் கெடவில்லையே என்று பார்க்கும் மறுசோதனை) ஒன்று முழுதாக ஓட 4 நாள் ஆகும் என்று வையுங்கள். மூன்றாம் நாள் மாலை ஒரு ஃபீச்சர் உள்ளே வந்தால், முந்தைய மூன்று நாள் முடிவுகளில் எவை இன்னும் செல்லும், எவை செல்லாது என்று யாராவது உட்கார்ந்து பிரிக்க வேண்டும். அதைச் சரியாகப் பிரிக்கத் தேவையான அறிவு ஃபீச்சர் எழுதியவரிடம் மட்டும்தான் இருக்கும். அவரோ அப்போது அந்த ஃபீச்சரின் முதல் பக்கைச் சரிசெய்து கொண்டிருப்பார்.

இரண்டாவது, தாமத ஃபீச்சர் தனியாக வராது. பின்னாலேயே இரண்டு மூன்று திருத்தங்கள் வரும், அவை 'திருத்தம்' என்ற பெயரில் ஃப்ரீஸ் விதியை எந்தக் கேள்வியும் இல்லாமல் கடந்துவிடும். விலக்கு ஒன்றுக்குத்தான் கொடுத்திருப்பீர்கள். உள்ளே வந்தது நான்கு கமிட் (பதிவான மாற்றம்). அதனால் விலக்குத் தரும்போதே 'இதில் பக் வந்தால் திருத்த மாட்டோம், ரிவெர்ட் செய்துவிடுவோம் (மாற்றத்தையே திரும்ப எடுத்துவிடுவோம்)' என்று எழுதி வாங்க வேண்டும். இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்காதவரின் கோரிக்கையை அப்போதே மறுத்துவிடலாம்.

#6 தரவுமரம்

அக்கா சொன்ன ரிவெர்ட் நிபந்தனைக்குச் சரியான பாடம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 15ஆம் பதிப்பு. வைகை கேட்ட அளவுகோலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

போஸ்ட்கிரெஸில் ஆண்டுக்கு ஒரு பெரிய ரிலீஸ். மார்ச்சில் கடைசி கமிட்ஃபெஸ்ட் (பேட்ச்களைப் பரிசீலிக்கும் காலம்), ஏப்ரல் முதல் பத்து நாளுக்குள் ஃபீச்சர் ஃப்ரீஸ், பிறகு பீட்டாக்கள், செப்டம்பர் அல்லது அக்டோபரில் வெளியீடு. 2022ல் ஜேசன் தரவைக் கையாளும் எஸ்கியூஎல்/ஜேசன் தொகுப்பு (ஜேசன்_டேபிள், ஜேசன்_எக்ஸிஸ்ட்ஸ், ஈஸ் ஜேசன் எல்லாம் சேர்த்து) மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலுமாக உள்ளே வந்தது. கவனியுங்கள், ஃப்ரீஸுக்கு முன்புதான் வந்தது. எந்த விதியும் மீறப்படவில்லை.

சிக்கல் எங்கே என்றால், 'பிழை வந்தால் நல் (வெற்று மதிப்பு) கொடு' என்ற உட்பிரிவு. போஸ்ட்கிரெஸுக்குள் ஒரு ஃபங்ஷன் பிழை எறிந்தால் அது நேரே மேலே தாவிவிடும். அதைப் பிடித்து, பாதி நடந்த வேலைகளைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடர வேண்டுமானால் உள்-பரிவர்த்தனை ஒன்றைத் திறந்து மூட வேண்டும். அதை எக்ஸ்பிரஷன் மதிப்பிடும் இடத்தில், ஒவ்வொரு மதிப்புக்கும் செய்தார்கள். வேகமும் போகும், அந்த இடத்தில் உள்-பரிவர்த்தனை திறப்பது கட்டமைப்பிலும் ஆபத்து. பீட்டா காலத்தில் இதை ஆழமாகப் படித்த பிறகு, 2022 செப்டம்பர் தொடக்கத்தில் மொத்தத் தொகுப்பும் ரிவெர்ட் ஆனது. செப்டம்பர் 8ல் வந்த பீட்டா 4ல் அது இல்லை. 15 வெளியானது அக்டோபர் 13.

அடித்தளத்தைச் சரியாகப் போட்டது பிறகுதான். பிழையை எறியாமல் திருப்பிச் சொல்லும் 'மென்பிழை' ஏற்பாடு 16க்குள் வந்தது. அதன் மேல் ஈஸ் ஜேசனும் கன்ஸ்ட்ரக்டர்களும் 16லேயே (2023 செப்டம்பர்) வந்தன. ஜேசன்_டேபிள் 17ல் (2024 செப்டம்பர்) வந்தது. இரண்டு வருடம் தாமதம், ஆனால் இன்று யாரும் அதைப் பற்றிப் புகார் சொல்வதில்லை.

இதிலிருந்து நான் எடுப்பது: 'ஃப்ரீஸுக்கு முந்தின நாளா, மறுநாளா' என்ற கோடு நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியம் இல்லை. ஃப்ரீஸுக்கு முந்தின வாரம் அவசரமாக நுழைவதும் தாமத ஃபீச்சர்தான், அதற்கு அனுமதிச் சீட்டு மட்டும் கையில் இருக்கிறது.

#7 வைகை_பில்ட்

அப்படியானால் தேதிக்கு என்ன பொருள்? கடைசி வார அவசரத்தையே தேதி உண்டாக்குகிறது என்று ஆகிவிடுகிறதே.

#8 தரவுமரம்

ஆம், உண்டாக்குகிறது. தேதியே வேண்டாம் என்றால் அதைவிட மோசம், ரிலீஸே வராது. அவசரத்தின் அளவை நிர்ணயிப்பது ரிலீஸ் என்ற ரயில்களின் இடைவெளி. கர்னலில் இந்த வண்டியை விட்டால் ஒன்பது பத்து வாரத்தில் அடுத்தது. உபுண்டு லினக்ஸில் ஆறு மாதம். போஸ்ட்கிரெஸில் ஒரு வருடம். டெபியன் லினக்ஸில் ஏறக்குறைய இரண்டு வருடம். இடைவெளி கூடக் கூட, கடைசி வாரத்தில் படிக்கட்டில் தொங்குகிறவர் கூட்டம் கூடும். உங்கள் குழுவில் ஒவ்வொரு ரிலீஸிலும் நான்கைந்து விலக்குக் கோரிக்கை வருகிறதென்றால், விதியை இறுக்குவதற்கு முன் இடைவெளியைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று, ரிவெர்ட் செய்வதும் இலவசம் இல்லை. பைத்தான் 3.13 வெளியாக வேண்டிய நாள் 2024 அக்டோபர் 1. படிப்படியாகக் குப்பை சேகரிக்கும் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும்) புது முறை சில வேலைகளை மெதுவாக்குகிறது என்று தெரிந்து, அதைக் கடைசி நேரத்தில் எடுத்தார்கள். எடுத்ததும் பெரிய மாற்றம்தானே, அதனால் அக்டோபர் 1ல் ஆர்சி-3 என்று கூடுதலாக ஒன்றை விட்டுவிட்டு, அக்டோபர் 7ல் இறுதி வெளியீடு. ரிவெர்ட்டுக்கும் ஒரு ஆர்சி ஒதுக்க வேண்டும் என்பதை அட்டவணை போடும்போதே யோசிக்க வேண்டும்.

#9 நீலகிரி64

எல்லாவற்றுக்கும் ஃபீச்சர் ஃப்ளாக் இருக்கிறதே? கோடை உள்ளே விடுங்கள், அணைத்து வையுங்கள். ரிலீஸ் பாதுகாப்பு, டெவலப்பருக்கும் நிம்மதி.

#10 சோதனைச்சாவடி

ஃப்ளாக் நல்ல கருவி. அது எதை அணைக்கிறது, எதை அணைக்காது என்று பிரித்துப் பார்த்தால் மட்டும்.

ஃப்ளாக் அணைப்பது ஒரு 'இஃப்' வரிக்குக் கீழே உள்ள பாதையை. அந்த வசதிக்காக ஒரு லைப்ரரியின் பதிப்பை உயர்த்தியிருந்தால் அது எல்லோருக்கும் உயர்ந்துவிட்டது. பொதுவான ஃபங்ஷன் ஒன்றுக்குக் கூடுதல் அளவுரு சேர்த்திருந்தால் ஃப்ளாக் அணைந்திருந்தாலும் எல்லா அழைப்பும் புது ஃபங்ஷன் வழியாகத்தான் போகிறது. டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேபிள்களின் அமைப்பை மாற்றும் வேலை) ஃப்ளாக்கைக் கேட்டு ஓடுவதில்லை. நிரல் தொடங்கும்போது புது கன்ஃபிக் கீயைத் தேடி, கிடைக்காவிட்டால் நின்றுவிடும் கோடை ஃப்ளாக்கால் காப்பாற்ற முடியாது. ஆகவே 'ஃப்ளாக்குக்குப் பின்னால் இருக்கிறது' என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியது: டிஃபில் (மாறிய வரிகளின் பட்டியல்) ஃப்ளாக் நிபந்தனைக்கு வெளியே எத்தனை வரிகள்? அந்த வரிகளை மட்டும் எடுத்து ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் பக் இருக்கும்.

எண்ணிக்கையும் ஒன்று. ஐந்து ஃப்ளாக் என்றால் 32 சேர்க்கைகள். அத்தனையையும் யாரும் சோதிப்பதில்லை. குறைந்தது இரண்டு ஓட்டம் வேண்டும்: எல்லாம் ரிலீஸில் இருக்கப்போகும் நிலையில் ஒன்று, புதுசை மட்டும் போட்டு ஒன்று. முதல் ஓட்டத்தின் முடிவு முந்தைய பில்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

பழைய ஃப்ளாக்கின் பெயரையோ பிட்டையோ புது வேலைக்கு மறுபடி பயன்படுத்தக் கூடாது. 2012 ஆகஸ்ட் 1ல் நைட் கேபிடல் நிறுவனத்தில் நடந்தது இதுதான். நியூயார்க் பங்குச் சந்தையின் புதுத் திட்டம் ஒன்று அன்று தொடங்குகிறது, அதற்கான கோடை அவசரமாக ஏற்றினார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் புது கோட் ஏறவில்லை. பல வருடம் முன்பே கைவிட்ட வசதியின் ஃப்ளாக்கைப் புது வசதிக்குப் பயன்படுத்தியிருந்ததால், அந்த எட்டாவது சர்வரில் பழைய கோட் உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டியது. முக்கால் மணி நேரத்தில் 40 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். நகராத வெளிப்புறத் தேதிக்காகக் கடைசியில் ஏற்றும் ஃபீச்சர் எப்படிப் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

#11 தரவுமரம்

மைக்ரேஷன் பற்றி அக்கா ஒரு வரியில் கடந்துவிட்டார், நான் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் தாமத ஃபீச்சர் ரிலீஸைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இங்கேதான்.

'டேபிளில் ஒரே ஒரு காலம்தான் (நெடுவரிசை) சேர்க்கிறோம்' என்பார்கள். போஸ்ட்கிரெஸ் 11 முதல், மாறிலி மதிப்பை டீஃபால்ட்டாகக் கொடுத்துக் காலம் சேர்த்தால் டேபிள் முழுதும் திருப்பி எழுதப்படாது, நொடியில் முடியும். அதே டீஃபால்ட் ஒவ்வொரு வரிக்கும் வேறு மதிப்புத் தரும் ஃபங்ஷனாக இருந்தால் (ரேண்டம், யூயூஐடி போல) டேபிள் முழுவதும் திருப்பி எழுதப்படும். சோதனை டேட்டாபேஸில் பத்தாயிரம் வரி இருக்கும், இரண்டும் ஒரே வேகம்தான் தெரியும். புரொடக்‌ஷனில்தான் தெரிய வரும்.

நொடியில் முடிகிற மாற்றத்துக்கும் டேபிள் மேல் முழுப் பூட்டு வேண்டும். நீண்ட நேரம் ஓடும் ரிப்போர்ட் ஒன்று அந்த டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால், டேபிளை மாற்றும் உங்கள் ஆல்டர் கட்டளை அதன் பின்னால் காத்திருக்கும். உங்களுக்குப் பின் வருகிற சாதாரண செலக்ட்கள் (படிக்கும் கட்டளைகள்) கூட உங்கள் பின்னால் வரிசையில் நிற்கும். பார்ப்பவருக்கு சைட்டே விழுந்த மாதிரி இருக்கும். லாக் டைம்அவுட்டை 3 அல்லது 5 நொடி என்று வைத்து, கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு மறுபடி முயலும்படி எழுதுங்கள். இண்டெக்ஸைக் 'கன்கரன்ட்லி' முறையில் (மற்ற வேலைகளை நிறுத்தாமல்) போடுங்கள், ஆனால் அது பரிவர்த்தனைக்குள் ஓடாது. எல்லா மைக்ரேஷனையும் ஒரே பரிவர்த்தனையில் சுற்றும் கருவி வைத்திருப்பவர்களுக்கு அது அங்கேயே பிழை தரும்.

முக்கியமான கேள்வி திரும்பிப் போக முடியுமா என்பது. புதுப் பதிப்பு ஒரு நாள் ஓடி, ஈனம் (பட்டியலிட்ட மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) காலத்தில் 'பகுதி_ரீஃபண்ட்' என்ற புது மதிப்பை எழுதிவிட்டது என்று வையுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்பினால் அதற்கு அந்த மதிப்பு என்னவென்று தெரியாது, படிக்கும் இடத்திலேயே விழும். போஸ்ட்கிரெஸில் ஈனம் வகையிலிருந்து ஒரு மதிப்பை நீக்கக் கட்டளையும் கிடையாது. அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: இந்த ரிலீஸில் புது மதிப்பைப் படிக்க மட்டும் தெரிந்துகொள்ளும் கோட், அடுத்த ரிலீஸில் எழுதும் கோட். ஃப்ரீஸுக்குள் கேட்டால் முதல் பாதிக்கு நான் சரி சொல்வேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் மறுப்பேன்.

#12 சொல்லேர்

மொழிபெயர்ப்பாளர்களை யாரும் இன்னும் நினைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்டிரிங் ஃப்ரீஸ் (திரையில் தெரியும் வாக்கியங்களை மாற்றக் கூடாது என்பது) என்று தனியாக ஒன்று இருப்பது, கோடை எழுதாத ஆட்களுக்கும் ரிலீஸில் வேலை இருக்கிறது என்பதால். க்னோம் டெஸ்க்டாப் திட்டத்தில் கோட் ஃப்ரீஸை உடைக்க ரிலீஸ் குழுவில் இருவரின் சம்மதம் வேண்டும். ஸ்டிரிங்கை மாற்ற மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். கோட் அளவில் ஆபத்தே இல்லாத ஒரு மாற்றம் எல்லா மொழிக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் வேலை வைக்கலாம்.

நடப்பது இது. ஏற்கெனவே உள்ள ஆங்கில வாக்கியத்தில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்தாலே கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவிக்கு அது புது வாக்கியம். அதன் எம்எஸ்ஜிமெர்ஜ் நிரல் பழைய தமிழை எடுத்து 'ஃபஸ்ஸி' (சரிபார்க்க வேண்டியது) என்று குறித்து வைக்கும். ஃபஸ்ஸி வரிகளை, இறுதிக் கோப்பை உருவாக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி நிரல் வெளியீட்டில் சேர்க்காது. மொழிபெயர்ப்பாளர் வந்து பார்த்துக் குறியை எடுக்கும்வரை, நேற்று தமிழில் இருந்த பொத்தான் இன்று ஆங்கிலத்தில் நிற்கும். தமிழ் மாதிரி இரண்டு மூன்று தன்னார்வலர்கள் தாங்கும் மொழிகளில் அந்த ஒரு வாரத்தில் யாருக்கும் நேரம் இல்லையென்றால் அடுத்த ரிலீஸ் வரை அப்படியேதான்.

டெவலப்பர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: ஏற்கெனவே மொழிபெயர்த்த வாக்கியத்தையே மறுபடி பயன்படுத்துவது. பல சமயம் நல்ல வழி, ஆனால் சூழல் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்ற ஒரே சொல் பொத்தானில் கட்டளை, நிலைக் காட்டியில் நிலை. தமிழில் முதலாவது 'திற', இரண்டாவது 'திறந்துள்ளது'. கட்டளையின் மொழிபெயர்ப்பை நிலைக்கு எடுத்துப் போட்டால், டிக்கெட் பட்டியலில் ஒவ்வொரு வரியும் பயனரை எதையோ திறக்கச் சொல்லும். எம்எஸ்ஜிசிடிஎக்ஸ்டி என்ற சூழல் குறிப்பைக் கொண்டு பிரிக்கலாம், ஆனால் பிரித்தால் அது புது ஸ்டிரிங், மறுபடி ஃப்ரீஸ் கேள்வி. தாமத ஃபீச்சருக்கு வாக்கியமே இல்லாத வடிவம் ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கமாண்ட் லைன் விருப்பமாக மட்டும் முதலில் வரட்டும், திரையில் அடுத்த ரிலீஸில் வரட்டும்.

#13 பொதிகட்டி

டெபியன் பக்கத்திலிருந்து. ஃப்ரீஸ் என்பதை ஒரே சுவராகக் கட்டாமல் படிப்படியாக இறக்குவது அங்கே நன்றாக வேலை செய்கிறது. டிரிக்ஸி (டெபியன் 13) எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச் 15ல் பெரிய லைப்ரரி மாற்றங்களுக்கும் கம்பைலர் கருவிகளுக்கும் ஃப்ரீஸ். ஏப்ரல் 15ல் மென் ஃப்ரீஸ்: புதுப் பொதிகள் (மென்பொருள் பேக்கேஜ்கள்) நுழைய முடியாது, வெளியே போனது திரும்பி வர முடியாது, டெஸ்டிங்குக்கு (அடுத்த வெளியீடு உருவாகும் கிளை) நகர 10 நாள் காத்திருப்பு. மே 15ல் கடின ஃப்ரீஸ்: முக்கியப் பொதிகளும், தானியங்கிச் சோதனை இல்லாதவையும் ரிலீஸ் குழு கையால் திறந்துவிட்டால்தான் நகரும். நல்ல சோதனைகள் வைத்துத் தேறிய மற்றவை 20 நாளில் தானாக நகரும். ஜூலை 27ல் முழு ஃப்ரீஸ், எல்லாவற்றுக்கும் அனுமதி. ஆகஸ்ட் 9ல் வெளியீடு.

எனக்குப் பிடித்தது அந்த நடுப்படி. சோதனை எழுதி வைத்தவருக்கு வழி கொஞ்சம் அகலம், எழுதாதவர் வரிசையில் நிற்க வேண்டும். விலக்கை ஆள் பார்த்துத் தருவதைவிட இது நியாயம்.

அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு வடிவம் உண்டு: காரணம், அனுமதிக்காவிட்டால் விளைவு, என்ன சோதித்தீர்கள், ஆபத்து என்ன, கடைசியாகச் சரிபார்ப்புப் பட்டியல். கூடவே டெஸ்டிங்கில் இப்போது உள்ள பதிப்போடு ஒப்பிட்ட முழு டெப்டிஃப் (பொதியில் மாறிய வரிகளின் பட்டியல்). உங்கள் முந்தைய அப்லோடோடு ஒப்பிட்டது இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் சிறிய டிஃபை ஒட்டிவிட்டு, உள்ளே மூன்று அப்லோட் மாற்றங்களைக் கொண்டுபோவது அடிக்கடி நடக்கிறது. டிஃபில் காரணத்தோடு சம்பந்தமில்லாத எதுவும் இருக்கக் கூடாது: இடைவெளி திருத்தம், டெப்ஹெல்பர் (பொதி கட்டும் கருவி) நிலை உயர்த்துவது, அப்ஸ்ட்ரீமின் (மென்பொருளை எழுதும் மூலக் குழு) முழுப் புதுப் பதிப்பு. பக் ஒன்றுக்கு ஐந்து வரி போதுமென்றால் அந்த ஐந்து வரியை மட்டும் பழைய பதிப்பின் மேல் எடுத்துப் போட வேண்டும்.

#14 வைகை_பில்ட்

இந்த ஐந்து தலைப்பும் எங்கும் பொருந்தும் போலிருக்கிறதே. 'அவசரம்' என்று ஒரு தலைப்பு அதில் இல்லை என்பதையும் கவனித்தேன்.

#15 பொதிகட்டி

அவசரத்தைக் காரணமாக ஏற்காமல் இருப்பதற்கு 2024 மார்ச் போதும். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்திருந்தார்கள். டெபியனில் 5.6.1ஐ ஏற்றச் சொல்லிக் கோரிக்கை. உபுண்டு 24.04ன் பீட்டா ஏப்ரல் 4ல் வர வேண்டும், அதற்குச் சில நாள் முன்பு, ஃபீச்சர் ஃப்ரீஸ் தாண்டி ஒரு மாதம் ஆன பிறகு, அதே 5.6.1ஐ இழுக்கச் சொல்லி அங்கேயும் கோரிக்கை. வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி காட்டும் பிழைகளுக்குத் திருத்தம் என்பது போன்ற சாதாரணக் காரணம்தான். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைத் துரத்திப்போன டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் மார்ச் 29ல் வெளிப்படுத்தியதால் நின்றது. உபுண்டு சந்தேகத்துக்குரிய நாளுக்குப் பின் கட்டிய எல்லா பைனரியையும் மறுபடி கட்டி, பீட்டாவை ஏப்ரல் 11க்குத் தள்ளியது.

கேட்பவர் எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஃப்ரீஸ் நேரத்தில் பார்ப்பவர்கள் களைத்திருப்பார்கள், நேரம் இருக்காது, 'சின்னத் திருத்தம்தானே' என்ற சொல்லுக்கு அப்போது எடை கூடும். உள்ளே நுழைய நினைப்பவருக்கும் அது தெரியும். அதனால்தான் டிஃபைப் பார்க்கிறோம். வெளியிடும் மூலத் தொகுப்புக்கும் (தார் கோப்பு) கிட் ரெப்போவுக்கும் (மாற்றங்களின் வரலாறு உள்ள களஞ்சியம்) உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், எக்ஸ்இசட்டில் பின்கதவைத் திறக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் தார் தொகுப்பில் மட்டும்தான் இருந்தது.

#16 நீலகிரி64

சரி, ஏணி வாதத்தை விட்டுவிடுகிறேன், கர்னல்_தெரு சொன்னது பிடிபட்டது. நடைமுறைக் கேள்வி ஒன்று. ரிலீஸ் கிளை தனியாகப் பிரிந்துவிட்டது. விலக்குக் கொடுத்து ஒரு ஃபீச்சர் கிளையை அதில் மெர்ஜ் செய்தாயிற்று. ஆர்சியில் பக் வந்தது, ரிவெர்ட் செய்ய வேண்டும். என்னென்ன கவனிப்பது?

#17 கர்னல்_தெரு

முதலில், மெர்ஜ் செய்ததே தவறான தொடக்கம். மாற்றம் முதலில் மெயின் கிளைக்குள் போக வேண்டும், அங்கிருந்து ரிலீஸ் கிளைக்குச் செர்ரி-பிக் (அந்தக் கமிட்டை மட்டும் எடுத்துப் போடுவது) செய்ய வேண்டும், 'எக்ஸ்' விருப்பத்தோடு. அப்போதுதான் எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்ற வரி செய்தியில் பதிவாகும். ரிலீஸ் கிளையில் மட்டும் போட்டால் அடுத்த பதிப்பில் அந்தத் திருத்தம் காணாமல் போய், சரிசெய்த பக் மறுபடி உயிரோடு வரும். செர்ரி-பிக் மோதல் இல்லாமல் நுழைந்தது என்பதாலேயே சரி என்றும் எண்ணாதீர்கள். அது நம்பியிருந்த வேறொரு கமிட் மெயினில் மட்டும் இருக்கலாம், கம்பைலும் ஆகும், நடத்தை மட்டும் தப்பும். ரிலீஸ் கிளையின் மேலேயே முழுச் சோதனை ஓட வேண்டும், மெயினில் பச்சை விழுந்ததை இங்கே கணக்கில் எடுக்கக் கூடாது.

மெர்ஜ் ஆகிவிட்டது என்றால், மெர்ஜ் கமிட்டை 'எம் 1' கொடுத்து ரிவெர்ட் செய்யுங்கள், அதாவது முதல் பெற்றோர் பக்கத்தை வைத்துக்கொள் என்று பொருள். இதற்குப் பிறகு பலர் விழுகிற பள்ளம் ஒன்று: ஃபீச்சர் கிளையில் பக்கைச் சரிசெய்துவிட்டு மறுபடி அதே கிளையை மெர்ஜ் செய்தால், பழைய கமிட்கள் திரும்ப வராது. கிட்டின் கணக்கில் அவை ஏற்கெனவே வரலாற்றுக்குள் இருக்கின்றன. ரிவெர்ட்டுக்குப் பின் சேர்த்த திருத்தக் கமிட்கள் மட்டும் வரும், பாதி ஃபீச்சர் உள்ளே நிற்கும். அந்த ரிவெர்ட் கமிட்டையே முதலில் ரிவெர்ட் செய்துவிட்டு, அதன் மேல் மெர்ஜ் செய்ய வேண்டும். அல்லது ஃபீச்சர் கிளையைப் புதிதாக ரீபேஸ் செய்து புது கமிட்களாக்கிக் கொண்டுவர வேண்டும்.

ரிவெர்ட் ஒத்திகையை விலக்குத் தரும் முன்பே செய்து பாருங்கள். ஒரு தற்காலிகக் கிளையில் மெர்ஜ், உடனே ரிவெர்ட், பிறகு அதற்கு முந்தைய நிலையோடு டிஃப். டிஃப் காலியாக இருக்க வேண்டும். அதோடு நிறுத்தாமல், புதுப் பதிப்பு எழுதிய டேட்டாபேஸையும் கன்ஃபிக் கோப்பையும் வைத்து ரிவெர்ட் ஆன பில்டைத் துவக்கிப் பாருங்கள். தரவுமரம் சொன்ன ஈனம் சிக்கல் இந்த இடத்தில்தான் மாட்டும்.

#18 வைகை_பில்ட்

பிகேஷ்எஃப்எஸ் கதைக்குத் திரும்பினால், இந்த அளவுகோல்களின்படி ஜர்னல் ரீவைண்ட் எங்கே நிற்கிறது? கேட்டால் மட்டும் ஓடுவது, தன் கோப்பகத்துக்குள் மட்டும் மாற்றம், ஸ்டிரிங் சிக்கல் இல்லை, ரிவெர்ட் எளிது. ஆபத்துத் தலைப்பில் தேறிவிடுகிறதே.

#19 சோதனைச்சாவடி

ஆபத்தில் தேறலாம். 'வேறு வழி இருக்கிறதா' என்பதில் தேறவில்லை, #4ல் சொன்னபடி. 'அனுமதிக்காவிட்டால் விளைவு' என்ற தலைப்பும் அதனாலேயே பலவீனம்.

என் பார்வையில் அங்கே நடந்தது ஒரு பேட்சைப் பற்றிய தகராறு இல்லை. எது திருத்தம், எது ஃபீச்சர் என்று முடிவு செய்வது யார் என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. அது விண்டோ தாண்டி ஒவ்வொரு முறையும் புதிதாகப் பேச வேண்டியிருந்தால், ஆர்சி வாரங்களில் போக வேண்டிய கவனம் அதிலேயே போகும். உங்கள் குழுவில் இதைத் தவிர்க்க, முடிவெடுப்பவர் பெயரை ஃப்ரீஸ் தொடங்கும் முன்பே எழுதி ஒட்டுங்கள். ஒருவர், அவர் விடுப்பில் இருந்தால் இன்னொருவர். கோரிக்கை வைப்பவரின் மேலாளராக அவர் இருக்கக் கூடாது. பதில் தர 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பதில் இழுத்துக்கொண்டே போனால் டெவலப்பர் 'மறுப்பு வரவில்லையே' என்று மெர்ஜ் செய்துவிடுவார்.

#20 பொதிகட்டி

வைகை, உங்கள் ரெப்போவில் போடுவதற்கு டெபியன் வடிவத்தை ஒட்டி ஒரு கோரிக்கை மாதிரி. வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்.

காரணம்: எந்தப் பயனருக்கு, என்ன செய்ய முடியவில்லை.
அடுத்த ரிலீஸுக்குத் தள்ளினால்: யாருக்கு, எத்தனை நாள், இடைக்கால வழி உண்டா.
டிஃப்: ரிலீஸ் கிளையின் இப்போதைய முனையோடு ஒப்பிட்டது, முழுதாக.
தொடுவது: ஸ்கீமா (டேட்டாபேஸ் அமைப்பு), கோப்பு வடிவம், வலைப் பரிமாற்ற வடிவம், கன்ஃபிக் டீஃபால்ட், பொது ஏபிஐ, சார்புப் பொதிகள், ஸ்டிரிங். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை.
ஃப்ளாக்குக்கு வெளியே உள்ள வரிகள்: எண்ணிக்கை, படித்தவர் யார்.
சோதனை: ரிலீஸ் கிளை பில்ட் எண், ஓடிய தொகுப்புகள், மறுபடி ஓட்ட வேண்டியவை.
திரும்பும் வழி: ஒத்திகை பார்த்த நாள், ரிவெர்ட் கமிட் தயாராக உள்ள கிளையின் பெயர்.
பக் வந்தால் ரிவெர்ட் என்பதற்குச் சம்மதம்: எழுதியவர் பெயர்.

'தொடுவது' வரியில் கோப்பு வடிவத்துக்கு ஆம் என்று இருந்தால் மேலே படிக்காமலே அடுத்த ரிலீஸுக்குத் தள்ளிவிடலாம்.

#21 சொல்லேர்

ஸ்டிரிங்குக்கு ஆம் என்றால் பக்கத்தில் எத்தனை என்று எண்ணும் கேளுங்கள், பொதிகட்டி. இரண்டு என்றால் ஒரே நாளில் முடித்துத் தரலாம், முப்பது என்றால் முடியாது. எங்களுக்கு வரும் அறிவிப்பில் அந்த எண் முதல் வரியில் இருந்தால் போதும்.

#22 பொதிகட்டி

சேர்த்துவிட்டேன்.